தபால்காரர் வைத்த வேலி

பால்காரம்மாவைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் யாருமில்லை. விடியுமுன் எழுந்து மாடுகளைக் கறப்பாள். கேன்களைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். திரும்பி வந்து சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குக் கிளம்புவாள். மத்தியானம் வந்து எதையோ வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கறவை, மறுபடி சைக்கிள். முழங்கால் இரண்டும் எப்போதோ தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டன. அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

வீடு நகரம் முடிகிற இடத்தில் இருந்தது. முன்னால் தார்ச்சாலை. பின்னால் தகரக் கொட்டகை, அதற்கும் பின்னால் மலைச்சரிவு. கணவருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது இவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருப்பாள். "நாம புருஷன் பொண்டாட்டியா, ஷிப்ட் மாத்திக்கிற ஆளுங்களா?" என்று அவர் கேட்பார். சிரிப்பதற்குக்கூட அவளுக்குச் சற்று நின்றுதான் ஆகவேண்டும் என்பதால் பெரும்பாலும் சிரிக்காமலே போய்விடுவாள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். போன் பண்ணும்போதெல்லாம் மாட்டை வித்துட்டு வந்துடும்மா என்பாள். பார்க்கலாம் என்று இவள் சொல்வாள். அது அம்மாவும் பெண்ணும் சௌக்கியம் விசாரித்துக்கொள்கிற விதமாகவே ஆகிவிட்டது.

பக்கத்து வீடு அண்ணியுடையது. கணவரின் கூடப்பிறந்த அக்கா. ஒரு காலத்தில் தையல் கடை வைத்திருந்தவள். கண் மங்கிய பிறகு கடையை விட்டுவிட்டு, பழைய துணியைப் பிடித்துக் கொடுப்பது, பிரித்துக் கொடுப்பது என்று வீட்டோடு ஏதோ செய்துகொண்டிருந்தாள். அவள் கணவர் தபால்காரர். இறந்து சில வருடங்களாகிவிட்டன. அவர் விட்டுப்போனவற்றில் அண்ணி பொத்திப் பொத்திப் பாதுகாத்தது ஒன்றே ஒன்று: வீட்டைச் சுற்றியிருந்த பூவேலி. தபால் கொடுக்கப் போன ஏதோ ஒரு பெரிய பங்களாவின் தோட்டத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, கடிதப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். நட்ட வேகத்தில் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒடித்து ஒடித்து நட்டு வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டார். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, வருடம் முழுக்கப் பூக்கும். கொத்துக் கொத்தாகச் சின்னஞ்சிறு பூக்கள், ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ரோஸுமாக. தெருவில் போகிறவர்கள் நின்று ஒரு குச்சி கேட்பார்கள். அண்ணி இல்லையென்று சொன்னதில்லை. கண் தெரியாவிட்டாலும் கத்தரி பிடித்த கை. வாரத்துக்கு ஒரு தடவை வேலியைத் துணியின் ஓரம் மாதிரி நேராக வெட்டிவிடுவாள்.

சரிவிலோ வேறு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், கொம்போடு கொம்பு பின்னி, உள்ளே கை விட்டால் கீறிவிடுகிற முள்ளுப் புதர். பால்காரம்மா கல்யாணமாகி வந்த புதிதில் சரிவின் மேல்பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கீழே இறங்கியது. மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்த இடங்களில் இப்போது மாடு நுழையக்கூட வழியில்லை. அதற்கு உண்ணிச்செடி என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணியின் வேலியும் அதுவும் ஒன்றே என்பது தெரியாது. பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதுமில்லை. வேலியில் இருந்தது பூச்செடி, சரிவில் இருந்தது முள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. சாலையோரப் புல்லெல்லாம் காய்ந்து தும்பாகிவிட்டது. பால்காரம்மா ஒரு கட்டுப் புல்லுக்காக ரயில் தண்டவாளம் வரை நடந்தாள். அப்படியும் கட்டு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. புள்ளியும் செவலையும் தொட்டியை நக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தன. புள்ளி, கறுப்பில் வெள்ளைத் திட்டு விழுந்த மாடு. வீட்டுப் பாலில் பெரும்பங்கு அதன் மடியிலிருந்துதான். செவலை கொஞ்சம் சண்டி, கொடுக்கிறதும் கொஞ்சம்தான்.

ஒருநாள் காலையில் புள்ளி பால் இறங்கவிடவில்லை. மறுநாள் தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெயிலுக்குப் போனால் தலையை ஆட்டி, காலை உதைத்து, கொட்டகைக்குள்ளேயே வந்து ஒண்டிக்கொண்டது. மூக்கு வெடித்து, உரித்த கிழங்கு மாதிரி சிவந்து கிடந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. பால்காரம்மா எண்ணெய் தடவிப் பார்த்தாள். தொட்டதும் மாடு உடம்பெல்லாம் நடுங்கியதைக் கண்டு மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பஞ்ச காலத்தில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் ஏதாவது ஒன்று படுத்துத்தான் கிடக்கும். அந்தக் களைப்பு அவர் முகத்தில் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கொட்டகைக்குள் வந்தார். புள்ளியின் இமையைத் தூக்கிப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றில் காது வைத்துக் கேட்டார். பிறகு முதுகைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"வெள்ளை இருக்கற எடத்துல மட்டும்தான் வெந்திருக்கு, பாத்தீங்களா? கறுப்புல ஒண்ணுமில்ல. இது வெயிலோட வேலை மட்டும் இல்லம்மா. ஈரல் கெட்டிருக்கு. ஈரல் கெட்டா தோல் வெயிலைத் தாங்காது. என்ன தின்னுச்சு?"

வைக்கோல், தவிடு, கிடைத்த புல் என்று பால்காரம்மா சொன்னாள். டாக்டர் நம்பாத மாதிரியும் இல்லை, நம்பிய மாதிரியும் இல்லை. குனிந்து தீனித் தொட்டியின் மூலையில் கையை விட்டுத் துழாவினார். காய்ந்த புல்லோடு புல்லாக, கடித்துப் போட்ட சில குச்சிகள் வந்தன. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

அவர் அவசரப்படவில்லை. இதே மாதிரி இலை இருக்கிற செடி இன்னும் இரண்டு மூன்று உண்டு, ஒன்றுமறியாத செடி மேல் பழியைப் போட்டுவிட்டு விஷத்தைத் தொட்டியிலேயே விட்டுவிடக் கூடாது என்றார். குச்சியை விரல்களுக்கிடையில் உருட்டினார். அது உருளவில்லை, நாலு பட்டையாக இருந்தது, பட்டை விளிம்பில் கீழ்நோக்கி வளைந்த குட்டி முட்கள். இலைகள் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிய்த்து பால்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. கசக்கி முகர்ந்தபோது மூக்கில் ஏறிய நெடி அவளுக்கு நன்றாகப் பழகிய நெடி. கடைசியில் இலைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த ஒரு பூங்கொத்து அகப்பட்டது. உள்ளே மஞ்சள், வெளியே ரோஸ்.

"மொட்டு விரியும்போது மஞ்சள். ரெண்டொரு நாள்ல இப்படி நிறம் மாறிடும். சந்தேகமே இல்ல, உண்ணிச்செடிதான்."

"அது மேட்டுல இருக்கற முள்ளாச்சே. மாடு அதை மோந்துகூடப் பாக்காதே டாக்டர்."

"வயிறு நெறஞ்சிருந்தா பாக்காது. பசியில, அதுவும் வெட்டிப் புல்லோட கலந்து போட்டா, அதுக்கு என்ன தெரியும்?"

வெட்டி என்ற சொல்லில் பால்காரம்மாவின் கண் தானாகக் குச்சியின் நுனிக்குப் போனது. ஒடித்த நுனி இல்லை அது. ஒரே வெட்டில், சாய்வாக, சுத்தமாக விழுந்த நுனி. அப்படி வெட்டுகிற கை அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். கொட்டகையின் சந்து வழியாகப் பார்த்தால் அண்ணியின் வேலி தெரியும். நேராகத்தான் இருந்தது, வெட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. யார் போட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். தெரியல என்றாள். அதற்குமேல் அவரும் துருவவில்லை.

புள்ளியின் வயிறு அசையாமல் நின்றுவிட்டது, உள்ளே போன விஷம் வெளியேயும் வராமல் அங்கேயே ஊறிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கினார். செவலைக்கும் கொஞ்சம் கொடுத்தார். வெளிச்சமே படக் கூடாது என்றார். பால்காரம்மா வீட்டிலிருந்த சாக்கு, பழைய போர்வை, கணவரின் கிழிந்த மழைக்கோட்டு எல்லாவற்றையும் கொட்டகையைச் சுற்றிக் கட்டினாள். கிளம்பும்போது டாக்டர் சரிவைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். எந்தக் காலத்திலோ அழகுக்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த செடி என்றார். தோட்டத்தில் இருக்கும் வரை சொன்ன பேச்சைக் கேட்கும். கறுத்துப் பழுத்த காயைக் குருவி தின்று எங்கே போய் எச்சமிடுகிறதோ அங்கே முளைக்கும். முளைத்த இடத்தில் புல்லையும் விடாது, மரக்கன்றையும் விடாது. காய்ந்தால் நெருப்புக்கு நல்ல விறகு, எரிந்தாலும் முதலில் துளிர்ப்பது அதுதான். ஒரு வேலியிலிருந்து வந்தது என்று யாரையும் கைகாட்ட முடியாது, ஊரே சேர்ந்து வளர்த்தது என்றும் சொன்னார். அவர் ஏதோ ஊகித்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்று பால்காரம்மாவுக்குப் பிற்பாடு தோன்றியது.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது? கரித்தண்ணீர் கரைக்கும்போதும், வாடிக்கையாளர்களிடம் இன்றைக்குப் பால் கம்மி என்று சொல்லும்போதும் அவள் மனசுக்குள் இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் பச்சை எதுவும் போடக் கூடாது என்றார் என்று மொட்டையாகச் சொல்லிவிடலாம். பூச்சி கடித்தது என்று சொல்லிவிடலாம். அண்ணி தினமும் வந்து வாசலில் நின்று, எப்படி இருக்கு என்று கேட்டாள். இருக்கு அண்ணி என்று இவள் சொன்னாள். பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒரு மத்தியானம். பால்காரம்மா புள்ளியின் மூக்கில் ஈரத்துணி ஒற்றிக்கொண்டிருந்தாள். சாக்குத் திரை விலகியது. அண்ணி முந்தானையில் ஒரு சுமை பச்சையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அதை அங்கேயே வெச்சிடுங்க."

"எல்லாம் கொழுந்தும்மா. முள்ளைக்கூட சீவிட்டேன். வேற எதையும் வாயில வாங்கலன்னு தம்பி சொன்னான். அன்னிக்கு நான் போட்டப்ப எவ்வளவு ஆசையாத் தின்னுச்சு தெரியுமா."

யோசித்து வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட பால்காரம்மாவின் வாய்க்கு வரவில்லை.

"அதுதான் அண்ணி இதுக்கு ஆகல. டாக்டர் பாத்துட்டாங்க."

அண்ணி மாட்டின் மூக்கைப் பார்த்தாள். அந்த இருட்டில் அவள் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ. பிறகு தன் முந்தானையைப் பார்த்தாள்.

"இதா?"

"ஆமா அண்ணி."

"இது அவர் வெச்சதாச்சே."

பால்காரம்மா எழுந்து போய், முந்தானையிலிருந்த பச்சையைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டாள். நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க, விடுங்க என்று சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது. நாலே வார்த்தை. ஆனால் புள்ளி முனகியது. அவள் திரும்பி அதைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பியபோது சாக்குத் திரை ஆடிக்கொண்டிருந்தது, அண்ணி போய்விட்டிருந்தாள்.

புள்ளி அந்த வாரமே செத்துப்போனது. நகராட்சி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. பால்காரம்மா அழவில்லை. வண்டிக்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கொட்டகையைக் கழுவி விட்டாள். செவலை குறைவாகத் தின்றிருந்ததாலோ, அதன் சண்டித்தனத்தாலோ, மெதுவாகத் தேறிக்கொண்டது. பாதித் தெருக்கள் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டன. சைக்கிளில் ஒரு பக்கம் கேன், மறுபக்கம் சும்மா என்று ஆனபிறகு வண்டி ஒருபக்கமாக இழுத்தது. அதையும் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

அண்ணி அதன் பிறகு வரவே இல்லை. கணவர் தூங்கி எழுந்து டீயைக் குடித்துக்கொண்டே, ஏன் அக்கா இந்தப் பக்கமே காணோம் என்று கேட்டார். பால்காரம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ அக்காவை என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதான் வரல."

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். நாளைக்கு ஒரு வேலை வந்தது, அதற்கு மறுநாள் முழங்கால் வீங்கியது. மனத்தாங்கல் ஒன்றுமில்லை. போய் உட்கார்ந்து, அழுகிற ஒருத்தியைத் தேற்றுகிற அளவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அவ்வளவுதான்.

அவள் போவதற்குள் வேலி போய்விட்டது. ஒரு காலை பால் ஊற்றிவிட்டு வரும்போது கத்தரிச் சத்தம் கேட்டது. அண்ணி தனியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை ஓரம் பார்க்கவில்லை. முழங்கையெல்லாம் கீறல். தடித்த கட்டைகளைக் கத்தரியால் முடியாமல், எங்கோ கேட்டு வாங்கிவந்த கத்தியால் கொத்தினாள். பால்காரம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு, வெட்டிப் போட்டதைத் தெருவில் விடக் கூடாது, வேற மாடு வாய் வைக்கும் என்று மட்டும் சொன்னாள். தெரியும் என்று அண்ணி சொன்னாள். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் வீட்டின் பின்பக்கமாக இழுத்துக் குவித்தார்கள். வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் நின்றன. தெருவிலிருந்து பார்த்தால் அண்ணியின் கதவு வரை தெரிந்தது. அது என்னவோ பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போலிருந்தது பால்காரம்மாவுக்கு.

தாமதமாக வந்தாலும் மழை நன்றாகவே வந்தது. ஓய்ந்த சில நாட்களில் அண்ணி கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் வந்து பாரும்மா."

ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கைக்கொள்ளாத துளிர். ஒன்று இருந்த இடத்தில் ஒரு கொத்து. இலைகள் முன்பைவிடக் கொழுகொழுவென்று, அங்கங்கே மொட்டுகூட வைத்துவிட்டது.

"மனுஷன் போனவர் போனவர்தான். இது வெட்ட வெட்ட வருது," என்றாள் அண்ணி. பால்காரம்மா அவள் கையைப் பிடித்தாள். அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதை அப்போதுதான் சொன்னாள்.

"தெரிஞ்சா போட்டீங்க. வயிறு காயுதேன்னு போட்டீங்க. எனக்கு அது தெரியாதா அண்ணி."

அண்ணி நெடுநேரம் அழுதாள். பால்காரம்மா கூடவே நின்றாள். கறவை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, செவலை கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். மேலே வெட்டினால் அதற்கு முடி வெட்டிவிட்ட மாதிரிதான் என்றார் அவர். தண்டும் வேரும் சேருகிற முடிச்சு மண்ணுக்குள் கொஞ்சம் கீழே இருக்கும். அதற்கு அடியில் போய் வேரை அறுக்கவேண்டும். எடுத்ததைத் தலைகீழாக, வேர் மண்ணில் படாமல் காயப்போடவேண்டும். கணவர் பகல் தூக்கத்தை விட்டுவிட்டுக் கடப்பாரையோடு வந்தார். இரவெல்லாம் கிடங்கில் கண்விழித்தவர் இங்கே நின்றபடி தூங்கி விழுந்தார். "தபால்காரர் எல்லார் வீட்டுக்கும் சரியான அட்ரஸ்ல குடுத்தார். நம்ம வீட்டுக்குத்தான் இப்படி ஒண்ணைக் கொண்டுவந்துட்டார்," என்று முனகினார். அண்ணி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். வேலி இருந்த இடத்தில் அத்தனை மழைக்குப் பிறகும் ஒரு புல் முளைத்திருக்கவில்லை. மண் வெறும் சாம்பல் மாதிரி உதிர்ந்தது.

வேலி முடிந்ததும் சரிவைத் தொட்டார்கள். தொட்டிருக்க வேண்டியதில்லை, யாரும் சொல்லவுமில்லை. செவலைக்கு மேய ஒரு துண்டு நிலமாவது வேண்டும் என்று பால்காரம்மா கீழ்மூலையில் ஆரம்பித்தாள். மறுநாள் அண்ணி தடித்த துணியில் முழங்கை வரை உறை தைத்துக்கொண்டு வந்தாள், இவளுக்கும் ஒரு ஜோடி. புதருக்குள் தலையை விட்டால் பகலிலேயே இருட்டு. தரையில் பச்சை என்பதே இல்லை. ஏதோ ஒரு மரக்கன்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு, வளைந்து, கிடைக்காமலே காய்ந்து நின்றது. ஓரிடத்தில் குருவிக்கூடு இருந்தது, உள்ளே குஞ்சுகள் வாயைப் பிளந்தன. இதுங்க எங்க போகும் என்று அண்ணி கேட்டாள். அந்தப் புதரை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். குஞ்சு பறந்த பிறகு வரலாம், எப்படியும் இது எங்கும் போய்விடாது என்றாள் பால்காரம்மா.

முழங்கால் விட்ட நாட்களில் வேலை நடந்தது, விடாத நாட்களில் கிடந்தது. சரிவு முழுக்க வனத்துறை இடம் என்று ஒரு காவலர் வந்து நின்றார். என்ன செய்கிறார்கள் என்று பார்த்தவர், மலைக்கு மேலே இதைப்போல நூறு மடங்கு இருக்கிறது, ஆள் போட்டு எடுக்க எடுக்க வருகிறது என்று அலுத்துக்கொண்டு, தடுக்காமல் போய்விட்டார்.

ஒரு கொட்டகை அளவு இடம் திறந்தது. அடுத்த மழையில் அதில் மெல்லிசாகப் புல் வந்தது. புல்லுக்கு முன்னால் உண்ணிச்செடியின் குட்டிகள் வந்தன. மண்ணுக்குள் எத்தனை வருட விதை கிடந்ததோ, கால் வைக்க இடமில்லாமல் ஜோடி இலையோடு முளைத்து நின்றன. பால்காரம்மாவுக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்காரவும் செய்தாள். அண்ணி ஏற்கனவே குனிந்து, தையல் பிரிப்பவள் மாதிரி ஒவ்வொன்றாக, வேரோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவிப் பார்த்து, இலை சொரசொரத்தால் பிடுங்கினாள், வழவழத்தால் விட்டாள்.

புதிதாக மாடு வாங்கவில்லை. செவலையின் பால் நாலு வீட்டுக்குப் போதும், அந்த நாலு வீட்டோடு போதும் என்று பால்காரம்மா முடிவு செய்துவிட்டாள். மகளிடம் போனில் சொன்னபோது, அப்போ சாயங்காலம் ரெஸ்ட்டா இருப்பியாம்மா என்று கேட்டாள் அவள். சாயங்காலம் அத்தையோட செடி பிடுங்கணும் என்றாள் இவள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"இதெல்லாம் முடியுமா?" என்று ஒரு மாலை அண்ணி கேட்டாள். திறந்த இடத்துக்கு மேலே சரிவு முழுக்க, கண்ணுக்கு எட்டியவரை, மஞ்சளும் ரோஸுமாகப் பூத்துக் கிடந்தது. பட்டாம்பூச்சிகள் மொய்த்தன. அழகாகத்தான் இருந்தது.

"முடியாது அண்ணி."

அண்ணி தலையை ஆட்டினாள். கையில் சேர்ந்திருந்த குட்டிச் செடிகளைச் சாக்கில் போட்டுவிட்டு, தன் வரிசையில் விட்ட இடத்திலிருந்து தடவிக்கொண்டே நகர்ந்தாள். பால்காரம்மா முழங்காலில் கையூன்றி எழுந்து, செவலையைப் புல்லின் அந்தப் பக்கமாக மாற்றிக் கட்டப் போனாள்.